ஸ்டூலம்மாவைப் பற்றிப் பத்து வரி

ஆபீஸ் என்னிடம் கேட்டது பத்து வரி. என் மனைவியின் தங்கை இந்த மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நிற்கிறாள். முட்டி தேய்ந்துவிட்டது, படி ஏற முடியவில்லை. விலகிப் போகும் ஊழியரைப் பற்றித் தலைமை வழிகாட்டி பத்து வரி எழுதி, படிவத்தின் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. தலைமை வழிகாட்டி நான்தான். பத்து வரியும் எழுதினேன். நேரம் தவறாதவர், பணிவானவர், தூய்மை பேணியவர். முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால், நல்ல துடைப்பம் ஒன்றுக்குச் சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது.

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை, பதினைந்து வருடப் பொறாமை. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் வேலை பார்ப்பது ஜெனரல் வீட்டில். மரவியாபாரி ஒருவர் கட்டிய மாடி வீடு அது. போர் வந்தபோது ராணுவம் எடுத்துக்கொண்டது. பதினோரு வாரம் ஜெனரல் அங்கிருந்துதான் போரை நடத்தினார். இப்போது அது அருங்காட்சியகம். வீட்டோடு சேர்த்து இன்னும் மூன்று இடங்கள் எங்கள் பொறுப்பில் இருக்கின்றன: இரண்டு மைல் தள்ளி இருக்கும் கல்பாலம், பாலத்தை அவர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த மேடு, பாலத்தைத் திரும்பப் பிடித்த சண்டையில் செத்தவர்களின் கல்லறைத் தோட்டம். அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்றுதான். எதிரி பாலத்தை நெருங்கியபோது, ஒரு விடியற்காலை மூடுபனியில், ஒன்பதாயிரம் பேரை ஆற்றுக்கு இந்தப் பக்கம் பின்வாங்க வைத்தார். அதில் ஒருவர்கூடச் சாகவில்லை. பத்திரிகைகள் அவரைக் கோழை என்று எழுதின. இருபத்து மூன்றாம் நாள் ஆற்றின் மேற்பகுதி வழியாகச் சுற்றி வந்து பாலத்தைத் திரும்பப் பிடித்தார்.

இதை நான் தேதி, மணி, படைப்பிரிவு எண், பீரங்கியின் எடை எல்லாம் சேர்த்துச் சொல்வேன். காகிதம் பார்க்க மாட்டேன். கூட வேலை செய்பவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘தேதி சார்’. அது பாராட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். புருஷன் இறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. “என் தங்கச்சிக்கு ஒரு வேலை பாத்துக் குடுக்க முடியாதா உங்களால?” என்று கேட்டுவிட்டு என் மனைவி இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மேலாளர் முன்னால் போய் நின்றேன். துப்புரவு வேலை கிடைத்தது. ஆக, அவளை அந்த வீட்டுக்குள் கூட்டி வந்தவனே நான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்தேன்.

ஆறு வருடம் துடைத்தாள். நின்றபடி துடைக்கும் மாப் கட்டை வேண்டாம் என்பாள், மண்டியிட்டுத் துணியால்தான் துடைப்பாள். பழைய மரத் தரைக்கு ஈரம் ஆகாது, கட்டை போட்டால் ஈரம் தங்கும் என்று கணக்கு. மேல்மாடியில் வரைபட அறை என்று ஒன்று உண்டு. நடுவில் பெரிய மேஜை, அதன் மேல் ஆறும் பாலமும் வரைந்த வரைபடம். ஜன்னல் ஓரம் கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி, அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு, ‘ஜெனரலின் நாற்காலி’ என்று பித்தளைத் தகடு. பதினெட்டு வருடமாக அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுதான் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் பூட்டப் போனபோது, கையில் ஈரத் துணியோடு எழுந்து நின்றாள்.

“அத்தான், ஜெனரல் இந்த நாற்காலியில உக்காரவே இல்ல.”

“பதினெட்டு வருஷமா நான் இந்த ரூமைக் காட்டிட்டு இருக்கேன். உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?”

“துடைக்கறவளுக்குத்தான் தெரியும். இங்க வந்து குனிஞ்சு பாருங்க.”

நான் குனியவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். ஜன்னல் பக்கம் நாற்காலிக்குக் கீழே பலகை புதுசு மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. கதவுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, நான்கு சின்னக் குழிகள். நான்கு கால்கள் மாதக்கணக்கில் அழுத்தினால் விழும் குழிகள். அவற்றுக்கு நேர் மேலே சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை. உட்கார்ந்திருப்பவர் தலையைச் சாய்க்கும் உயரம். எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் அது திரும்ப மேலே வந்துவிடும் என்பது எனக்கே தெரியும். கறை என்று நினைத்தேனே தவிர, தலை என்று நினைக்கவில்லை.

“யாராவது காவல்காரன் உக்காந்திருப்பான்” என்றேன்.

“காவல்காரனுக்கு ரூமுக்குள்ள என்ன வேலை? அவன் வெளியில நிப்பான்.”

நேரமாச்சு, பூட்டணும் என்றேன்.

அந்த வருடமே ஒரு வயதான அம்மா கைத்தடியோடு வந்தார். என் கூட்டத்தில்தான் வந்தார். நான் நாற்காலியைக் காட்டி, “இங்கே அமர்ந்துதான் ஜெனரல்” என்று ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார். “அதுல அவர் தொப்பியத்தான் வைப்பாராம்” என்றார். அவருடைய அப்பா அதே அறையில் டெலிபோன் குமாஸ்தாவாக இருந்தவராம். ஜெனரல் கதவோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொள்வார். மேஜையைச் சுற்றி மற்றவர்கள் நிற்பார்கள். பதவியில் கடைசி ஆள்தான் முதலில் பேச வேண்டும். ஜெனரல் எல்லோருக்கும் பிறகு. பெரியவர் முதலில் வாயைத் திறந்தால் சின்னவன் அதையே திருப்பிச் சொல்வான் என்பாராம்.

பாலத்தை விட்டுப் பின்வாங்கியதும் அப்படித்தானாம். மேஜையைச் சுற்றி நின்ற பெரிய அதிகாரிகள் எல்லோரும் பாலத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களுக்கு முன்பே பேசியிருந்த, பதவியில் கடைசி ஆளான ஒரு நில அளவையாளர், மூன்றாவது தூண் ஆடுகிறது, வெள்ளம் ஏறினால் நான்கு நாள் தாங்காது என்று சொல்லியிருந்தார். ஜெனரல் அவரிடம் இரண்டு கேள்வி கேட்டார், எழுந்தார், உத்தரவு போட்டார். அப்புறம் ஊரே கோழை என்று காறித் துப்பியபோது, அந்த அளவையாளரின் பெயரை அவர் வெளியே விடவே இல்லை.

“கெட்ட பேரை அவரே வச்சுக்கிட்டாராம். அப்பா சொல்லிச் சொல்லி அழுவார்” என்றார் அந்த அம்மா.

அந்தப் பத்திரிகை எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில் அப்படி எழுதியது என்று எனக்குத் தெரியும். அவர் ஏன் பதில் எழுதவில்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கதவோரம் துணியோடு நின்றிருந்தவள் சத்தமில்லாமல் கீழே போனாள். சாமான் அறையிலிருந்து ஒரு பழைய ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் ஆட்கள் பல்பு மாட்ட ஏறி நிற்கும் ஸ்டூல் அது. அதைக் குழிகளுக்கு மேலே வைத்தாள். ‘டக்’ என்று உட்கார்ந்தது. நான்கு காலும் நான்கு குழியில், ஒரு மயிரிழை பிசகவில்லை. அன்று பார்த்து எங்கள் இயக்குநர் அங்கே இருந்தார். அடுத்த மாதம் அவள் வழிகாட்டி. ஆனாலும் அந்த அறைத் தரையை மட்டும் வேறு யாரிடமும் விடாமல் தினமும் அவளேதான் துடைத்தாள். எல்லோரும் அவளை ஸ்டூலம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் என் வயிறு எரிய ஆரம்பித்தது.

அவள் தேதியே சொல்ல மாட்டாள். கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தி, “ரூமைப் பாத்தா என்ன தெரியுது? சின்னவங்க முதல்ல சொல்லுங்க” என்பாள். ஆளாளுக்குச் சொல்வார்கள். கடைசியில் அவள் ஸ்டூலைத் தூக்கிக் குழிகளைக் காட்டி, திரும்ப வைப்பாள். டக். கூட்டம் அப்படியே அடங்கிப்போகும். பெரிய பெரிய ஆட்கள் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்காக வருகையாளர் ஏட்டில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். என் கூட்டத்தில் வந்தவர் ஒருவர், “தகவல்கள் நிறைய. கழிப்பறை சுத்தம்” என்று எழுதியிருந்தார். கழிப்பறையை அந்தக் காலத்தில் சுத்தமாக்கி வைத்த முறையும் அவளுடையதுதான்.

நானும் ஒருமுறை அவளைப் போலச் செய்து பார்த்தேன். சின்னவங்க முதல்ல சொல்லுங்க என்றேன். முன்வரிசையில் நின்ற குழந்தை, “பசிக்குது” என்றது.

வீட்டுக்குப் போனாலும் விடாது. “இன்னிக்கு என் தங்கச்சி ஒரு கலெக்டரையே அழ வச்சாளாமே!” என்பாள் என் மனைவி, என் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே. தங்கை எதிரே உட்கார்ந்து, “சும்மா இரு அக்கா, அத்தான் சொல்ற விஷயமெல்லாம் எனக்கு வருமா?” என்பாள். அந்தப் பணிவு இருக்கிறதே, அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வரும். திமிராவது காட்டினால் திட்டித் தீர்த்திருப்பேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், நான்கு இடங்களுக்கும் சேர்த்து ஒரே தலைமை வழிகாட்டி என்று முடிவானது. போட்டியில் இரண்டு பேர், நானும் அவளும். ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் தலைமையில் மூன்று பேர் குழு வரும், பத்து மணிக்கு நான் வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும், பதினொன்றுக்கு அவள். எனக்கு இருபத்து நான்கு வருட அனுபவம். வேலை அவளுக்குப் போனால், நான் கைபிடித்துக் கூட்டி வந்தவளின் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு மீதிக் காலத்தைத் தள்ள வேண்டும். என் மனைவிகூட, “யாருக்குக் கெடச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே” என்றாள். அவள் கண்ணில் யாருக்குக் கிடைக்க வேண்டும் என்று தெரிந்தது.

இனிச் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஸ்டூலில் உட்கார எல்லோரும் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு தச்சரை வைத்து அதே மாதிரி இன்னொன்று செய்து, கீழே நுழைவாயிலில் போட்டோ எடுக்கும் மூலையில் போட்டிருந்தோம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பிள்ளைகள் ஏறினால் கவிழக் கூடாது என்று தச்சர் கால்களை இரண்டு விரல் அகட்டி வைத்திருந்தார். குழு வரும் நாள் காலை ஏழரை மணிக்கே போனேன். வரைபட அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். அசலைக் கீழே கொண்டுபோய் வைத்தேன், நகலை மேலே கொண்டுவந்து வைத்தேன். ஐந்து நிமிட வேலை. கை நடுங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு என் சுற்று. ஒரு தேதி தவறவில்லை. ஸ்டூலை நான் தொடவே இல்லை. கர்னல் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தார். முடிந்து கீழே வந்ததும், போட்டோ மூலையில் இருந்த ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார்.

பதினொன்றுக்கு அவள். கூட்டத்துக்குப் பின்னால் கதவுகளைச் சாத்திக்கொண்டு வருவது இன்னொரு வழிகாட்டியின் வேலை என்பதால் நான் கடைசியில் நின்றேன். வாசலில் நிறுத்தினாள், சின்னவங்க முதல்ல என்றாள், குழுவில் இளையவரான பெண் அதிகாரி பேசினார், கர்னலே உற்சாகமாகிவிட்டார். பிறகு அவள் ஸ்டூலைத் தூக்கினாள். தூக்கிய நொடியே அவள் கை ஒரு கணம் நின்றது. குழிகளைக் காட்டினாள். வேறு வழியில்லாமல் கீழே வைத்தாள். டக் வரவில்லை. ஒரு கால் குழியிலும் மூன்று கால் வெளியிலுமாக ஆடிக்கொண்டு நின்றது.

“என்னம்மா இது, பொருந்தலையே?” என்றார் கர்னல்.

அவள் தலையை நிமிர்த்தி, எல்லோர் தோளுக்கும் மேலாக என்னைப் பார்த்தாள். அப்புறம் என் இடுப்புச் சாவியைப் பார்த்தாள்.

“மன்னிக்கணும் சார். இது நகல். நேத்து சாயங்காலம் தரை துடைக்கறப்ப ரெண்டையும் எடுத்தேன், மாத்தி வச்சிட்டேன் போல. தப்பு என்னுதுதான்.”

“அப்ப அசல் எங்க?”

“கீழ, போட்டோ மூலையில.”

கர்னல் முகம் சிவந்துவிட்டது. தான் உட்கார்ந்து பூட்ஸ் கட்டியது அந்த அசலின் மேல்தான் என்பது அவருக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஜெனரலின் பொருளை இப்படியா கையாள்வது என்று அங்கேயே நாலு வார்த்தை கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டாள். மறுவாரம் தலைமை வழிகாட்டி என்று எனக்கு உத்தரவு வந்தது. அவளுடைய பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினோம். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று நிறுத்தம் தாண்டியதும் பேசினாள்.

“கால் ரெண்டு விரல் அகலம் அத்தான். தூக்கினப்பவே கனம் வேற மாதிரி இருந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா உங்க வேலையே போயிருக்கும். போக்கிடம் இல்லாதப்ப எனக்குச் சோறு போட்ட வீடு அது. அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

நான் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“ஆனா ஒண்ணு. நீங்க எல்லாத்துக்கும் தலைமையா இருந்துக்கோங்க. அந்த ரூமை மட்டும் நான்தான் காட்டுவேன். அதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

இவள் சாது என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். ஒன்பது வருடம் அந்த வாக்கை என்னிடம் வசூலித்தாள். வீடு முழுக்க நான் பேசுவேன், வரைபட அறை வாசல் வந்ததும் ஊமையாகிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் பேசுவாள். நான் தலைமை வழிகாட்டி. என் கூட்டமும் வெளியே போகும்போது அவளுக்குத்தான் கைகொடுக்கும். சரி, தப்புச் செய்தவனுக்குத் தண்டனை என்று மனதைத் தேற்றிக்கொண்டால், அந்தத் தண்டனையை அவள் எவ்வளவு அழகாக யோசித்துப் போட்டாள் என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது. அவள் தோற்ற விதத்தைப் பார்த்துகூட எனக்குப் பொறாமை.

நேற்று அவளுடைய படிவம் மேஜைக்கு வந்தது. பதினோராவது கேள்வி: பணிக்காலத்தில் பதிவான குறைகள். அதற்கு எதிரே ஆபீஸ் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தது: ‘அசல் காட்சிப் பொருளைக் கவனக்குறைவாக இடம் மாற்றியது. ஒன்று.’ இருபத்தொரு வருடத்துக்கு அந்த ஒரு வரிதான். அதன் கீழே தலைமை வழிகாட்டி ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும்.

பேனாவை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். அவள் விடுப்பில் இருந்தாள், தரை துடைக்காமல் கிடந்தது. துணியை நனைத்துப் பிழிந்து, முப்பத்து மூன்று வருடத்தில் முதல்தடவையாக அந்தத் தரையில் மண்டியிட்டேன். முட்டி இரண்டும் முறுக்கு நொறுங்குவது போலச் சத்தம் போட்டது. நான்கு குழிகளையும் கிட்டத்தில் பார்த்தேன். அவற்றுக்கு முன்னால், பலகையின் மெருகு போய், இரண்டு வெளிறிய வட்டங்கள் இருந்தன. ஜெனரலின் கால் தடமோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். என் முட்டியை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. தினமும் அவள் மண்டியிட்ட இடம் அது.

நான் நின்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று ஜன்னல் பக்கம் போய்த் தேடினேன். அங்கே, கயிற்றுக்கு வெளியே, கம்பளம் விரித்திருக்கிறது. கம்பளத்தை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார்கள்.

இறங்கி வந்து அந்தத் தட்டச்சு வரியைக் குறுக்கே அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: “ஸ்டூலை மாற்றி வைத்தவன் நான். வேண்டுமென்றே செய்தேன். இந்த அம்மாவின் மேல் எந்தக் குறையும் இல்லை.” தேதி போட்டேன். அது மட்டும் எனக்கு நன்றாக வரும்.

வீட்டுக்குப் போய் முதலில் மனைவியிடம் சொன்னேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, இதனால் வேலை போகலாம், ஓய்வூதியத்திலும் கைவைக்கலாம் என்பதையும் சொன்னேன். கத்துவாள், அழுவாள், ஒரு வாரம் பேசமாட்டாள் என்று தயாராகத்தான் இருந்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“ஒன்பது வருஷம் ஒரு வார்த்தை வெளிய விடலையே! என் தங்கச்சிக்கு எப்பேர்ப்பட்ட மனசு!”

நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கும் பாராட்டு அவளுக்குத்தான். ஆபீஸிலும் இதைப் படித்துவிட்டு எல்லோரும் இதையேதான் சொல்லப்போகிறார்கள். தெரிந்துதான் படிவத்தோடு வைத்துத் தைக்கிறேன். வயிறு எரிகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.